திறக்காத ஸிப் கோப்பு

சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் ஒரு பைட் கெட்டால் ஓர் எழுத்து பிழையாகத் தெரியும்; வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். அதே கோப்பைச் சுருக்கி வைத்த பின் ஒரு பைட் கெட்டால், அந்த இடத்துக்குப் பிறகு வருவதெல்லாம் குலைந்துபோகலாம். திரும்பத் திரும்ப வருவதை எடுத்துவிட்டு ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்வதே சுருக்கும் மென்பொருளின் வேலை. ஊகிக்க உதவும் மிச்சம் எதையும் அது விட்டுவைப்பதில்லை. ஆகவே பென்டிரைவிலோ ரேமிலோ வன்தட்டிலோ சத்தமில்லாமல் இருக்கும் பழுது பல நேரங்களில் ஸிப் கோப்பில்தான் முதலில் வெளிப்படுகிறது. ஸிப் பிழையைத் திருத்தும் வேலையில் பாதி, பழுது ஸிப்பில் இல்லை என்று கண்டுபிடிப்பதுதான்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கணினி திருத்தும் மேசைகளுக்கு இந்தப் பிழை பல வடிவங்களில் வருகிறது. மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் உள்ள கொமியூனிகேசன் கடைக்காரர் கடந்தகால வினாத்தாள்களை ஸிப்பாக இறக்கிவிட்டுத் திறக்க முடியாமல் நிற்பார். கலியாண வீட்டுப் படங்களைச் சுருக்கி வைத்த ஸ்டூடியோக்காரர் வருவார். கோணேசபுரி வளாகத்து மாணவர் இறுதி அறிக்கையோடு வருவார். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருபவர்கள் பெரும்பாலும் பென்டிரைவை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். பழுது வீட்டிலிருக்கும் கணினியில் இருந்தால் அந்தப் பயணம் வீண். எனவே இத்தொழிலில் பழகியவர்கள் தொலைபேசியிலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுவது வழக்கம்: திரையில் வந்த செய்தியைப் படம் எடுத்து வரவும், முடிந்தால் கணினியையும் கொண்டு வரவும்.

கோப்பு சுருங்கும் விதம்

பழுதைப் பிடிக்கக் கட்டமைப்பைத் தெரிந்திருக்க வேண்டும். ஸிப் வடிவத்தை 1989இல் அமெரிக்கரான ஃபில் காட்ஸ் வெளியிட்டார். அவருடைய பெயரின் முதலெழுத்துக்களான பி, கே என்ற இரண்டும் இன்றும் வழக்கமான ஸிப் கோப்பு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நிற்கின்றன. ஸிப் பெரும்பாலும் பாவிக்கும் சுருக்கமுறைக்கு டிஃப்ளேட் என்று பெயர். ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் ஆகிய இருவரும் 1977இல் முன்வைத்த முறையும், டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்ட குறியீட்டு முறையும் சேர்ந்ததே அது.

முகவரிப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். ‘திருகோணமலை’ என்ற சொல் கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோட்டில் அது பத்துக் குறிகள்: த, இகரக் குறி, ர, உகரக் குறி என்று உயிர்மெய்கள் பிரிந்து நிற்கும். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வீதம் மொத்தம் 30 பைட். ஆயிரம் முகவரியில் ஆயிரம் முறை வந்தால் அந்த ஒரு சொல்லே 30,000 பைட்டைப் பிடிக்கும். டிஃப்ளேட் முதல் தடவை மட்டும் சொல்லை முழுதாக எழுதும். அடுத்த தடவையிலிருந்து ‘இத்தனை பைட் பின்னால் போய், அங்கிருந்து 30 பைட்டை எடு’ என்ற குறிப்பை மட்டும் வைக்கும். அதற்கு இரண்டு மூன்று பைட் போதும். பின்னால் போகக்கூடிய தூரம் 32 கிலோபைட். முதல் தடவை எழுதிய இடம் கெட்டால், அதைச் சுட்டி நிற்கும் குறிப்புகள் அத்தனையும் கெட்டதையே எடுத்து வரும்.

ஜேபெக் படமும் எம்பி4 வீடியோவும் பிறக்கும்போதே சுருங்கியவை. அவற்றை மறுபடி ஸிப் செய்தால் அளவு பெரிதாகக் குறையாது. “ஸிப் பண்ணியும் குறையேல்ல, ஏதோ பிழை” என்று வருபவருக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். பழுது எதுவும் இல்லை.

தலையும் வாலும்

ஸிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 32 பிட் நீளமான சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண் எழுதி வைக்கப்படும். விரித்த பின் அதே கணக்கை மறுபடி போட்டு, எண் பொருந்தாவிட்டால் மென்பொருள் பிழை சொல்லும். எல்லாக் கோப்புகளின் பெயர், அளவு, இருக்கும் இடம் ஆகியவற்றைச் சொல்லும் பட்டியல் ஸிப்பின் கடைசியில் இருக்கிறது. பொருளடக்கத்தைப் பின்னட்டைப் பக்கம் அச்சிட்ட புத்தகம் மாதிரி. கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோனால் உள்ளே கதை முழுதும் இருந்தாலும் விண்டோஸ் அதைப் புத்தகமாகவே ஏற்காது. கோப்பு செல்லுபடியாகாது என்று சொல்லிவிடும்.

மற்ற இரண்டு வடிவங்களின் குணம் வேறு. யூஜின் ரோஷலின் ரார் வடிவத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதன் விவரம் இருப்பதால், வால் அறுந்தாலும் அறுந்த இடம் வரை உள்ளவை தெரியும். ஈகோர் பாவ்லோவின் செவன்-ஸிப் வடிவத்தில் விவரப் பட்டியல் கடைசியில் இருக்கிறது. வால் போனால் மீட்பது மிகக் கடினம். இவை இரண்டிலும் பல கோப்புகளை ஒரே தொடராகச் சுருக்கும் வசதியும் உண்டு. அளவு நன்றாகக் குறையும். ஆனால் நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின்னால் உள்ள கோப்புகளும் சேர்ந்து போகும். ஸிப்பில் ஒரு படம் கெட்டால் அந்த ஒரு படம்தான் போகும்.

2007க்குப் பிந்திய வேர்ட், எக்செல் கோப்புகளும் உள்ளே ஸிப்தான். ‘ஆவணம் பழுதடைந்துள்ளது’ என்று வேர்ட் சொன்னால், அதன் பிரதி ஒன்றுக்கு ஸிப் என்ற பின்னொட்டை மாட்டிச் செவன்-ஸிப்பில் திறந்து பார்க்கலாம். எழுத்து வராவிட்டாலும் உள்ளே செருகிய படங்கள் முழுதாக வெளியே வருவதுண்டு. அறிக்கை தொலைத்த மாணவருக்கு அதுவே பெரிய உதவி.

முதல் சோதனை

வேலை தொடங்குமுன் கெட்ட கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் கை வைக்க வேண்டும். அடுத்தது நான்கு கேள்விகள்: கோப்பு எங்கிருந்து வந்தது? எதில் வந்தது? வேறு எந்தக் கணினியிலாவது திறந்ததா? மூலப்பிரதி இன்னும் இருக்கிறதா? நான்காவது கேள்விக்கு ‘ஓம்’ என்று பதில் வந்தால் மிச்ச வேலை அரை மணித்தியாலத்தில் முடியும்.

பிறகு கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பார்க்க வேண்டும். மிகச் சாதாரணமான இந்தச் சோதனை பல ஊகங்களை மிச்சப்படுத்தும். ஆங்கிலத்தில் பி, கே என்று தொடங்கினால் அது ஸிப். ‘ரார்’ என்று தொடங்கினால் யாரோ பெயரை மாற்றி வைத்த ரார் கோப்பு. வின்ராரில் அல்லது செவன்-ஸிப்பில் திறக்கும். கோண அடைப்புக்குறியோடு எச்.டி.எம்.எல். என்று தொடங்கினால் இறங்கியது கோப்பே அல்ல; உள்நுழையச் சொல்லும் பக்கமோ காலாவதியான இணைப்பின் அறிவிப்போ ஸிப் என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. வெறும் வெற்றிடமாகத் தெரிந்தால் கோப்பு முழுக்கப் பூச்சியம். எதையும் மீட்க இல்லை.

அடுத்தது, செவன்-ஸிப்பிலோ வின்ராரிலோ உள்ள ‘டெஸ்ட்’ என்ற சோதனையை ஓடவிடுவது. அது எதையும் விரித்து எழுதாமல் ஒவ்வொரு கோப்பின் சி.ஆர்.சி. எண்ணையும் சரிபார்க்கும். ஒருமுறை ஓடவிட்டால் போதாது. மூன்று முறை ஓடவிட்டு, பிழை வந்த கோப்பின் பெயரை ஒவ்வொரு தடவையும் தாளில் குறிக்க வேண்டும். மூன்று முறையும் ஒரே கோப்பில் பிழை நின்றால் அந்த ஸிப் கெட்டிருக்கிறது. முதல் தடவை 14ஆவது படத்திலும், இரண்டாம் தடவை 203ஆவது படத்திலும், மூன்றாம் தடவை எங்குமே பிழை இல்லாமலும் போனால் ஸிப் நல்லது. அதை வாசிக்கும் கணினிதான் கெட்டது. பிழை நிற்கிறதா, நகர்கிறதா என்ற இந்த ஒரு கேள்வி வேலையை இரண்டாகப் பிரித்துவிடும்.

பிழை நின்றால்: இறக்கமும் பென்டிரைவும்

நிற்கும் பிழைக்கு அடிக்கடி வரும் காரணம் பாதியில் நின்ற பதிவிறக்கம். ‘எதிர்பாராத முடிவு’ என்று செவன்-ஸிப் சொன்னால் இதுதான். இறக்கிய தளத்தில் காட்டிய அளவையும் கணினியில் உள்ள அளவையும் பைட் கணக்கில் ஒப்பிட்டால் உறுதியாகும். மெகாபைட் கணக்கு போதாது. மீண்டும் இறக்குவதே மருந்து. குரோம் உலாவியின் அரைகுறைத் தற்காலிகக் கோப்பைப் பெயர் மாற்றி ஸிப் ஆக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதில் வால் இல்லை. பெயரை மாற்றுவதால் வால் முளைக்காது.

பல பாகங்களாகப் பிரித்த ரார் கோப்பில் வேறு சிக்கல். எல்லாப் பாகங்களும் ஒரே கோப்புறையில், ஒரே பெயர் வரிசையில் இருக்க வேண்டும். திறப்பது முதற்பாகத்தை மட்டும். ஒரு பாகத்தை இரண்டு தடவை இறக்கினால் உலாவி அதன் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். அந்த ‘1’ஐ நீக்கும் வரை மென்பொருள் அடுத்த பாகத்தைக் காணவில்லை என்றே சொல்லும்.

அளவு காரணமாகவும் கோப்பு அறுபடும். 32 கிகாபைட் வரையான பென்டிரைவுகள் பெரும்பாலும் ஃபாட்32 முறையில் வடிவமைக்கப்பட்டு வருகின்றன. அதில் ஒரு தனிக் கோப்பு 4 கிகாபைட்டை எட்ட முடியாது. துல்லியமாகச் சொன்னால் உச்ச அளவு 4,294,967,295 பைட். பென்டிரைவில் இடம் தாராளமாக இருக்கும்போதும் ‘கோப்பு மிகப் பெரிது’ என்ற செய்தி வருவது இதனால்தான். எக்ஸ்ஃபாட் முறையில் மறுபடி வடிவமைத்தால் தீரும். உள்ளே இருப்பவை அழியும் என்பதால் முதலில் அவற்றை வெளியே எடுக்க வேண்டும். மற்ற வழி, ஸிப்பையே 2 கிகாபைட் பாகங்களாகப் பிரிப்பது. பழைய ஸிப் முறைக்கும் 4 கிகாபைட், 65,535 கோப்புகள் என்ற எல்லை உண்டு. ஸிப்64 என்ற விரிவு அதை நீக்கியது. மிகப் பழைய மென்பொருளுக்கு அது தெரியாது.

எல்லாவற்றிலும் கொடியது போலிப் பென்டிரைவ். உள்ளே 8 கிகாபைட் சில்லு இருக்கும். 128 கிகாபைட் என்று விண்டோஸுக்குப் பொய் சொல்லுமாறு அதன் கட்டுப்பாட்டுச் சில்லு எழுதப்பட்டிருக்கும். சின்னக் குடத்தில் ஊற்றுவது போல ஊற்றிக்கொண்டே போகலாம். 8 கிகாபைட்டுக்கு மேல் ஊற்றியதெல்லாம் நிலத்தில். பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காக நிற்கும்.

இப்படி வந்த ஒரு வேலை இத்தொழிலின் எல்லாப் பாடங்களையும் ஒன்றாகக் காட்டும். கலியாணப் படங்களைச் சடங்கு சடங்காகப் பிரித்து ஏழு ஸிப் கோப்புகளாகப் பென்டிரைவில் வைத்த ஓர் இளம் படப்பிடிப்பாளர், “அண்ணா, முதல் ரெண்டும் திறக்குது, மிச்சம் அஞ்சும் பழுதெண்டு சொல்லுது” என்றார். ஐந்தும் பைட் கணக்கில் சரியான அளவையே காட்டின. நோட்பேடில் திறந்தால் வெறும் வெற்றிடம். ஜெர்மனியக் கணினிச் சஞ்சிகை ஒன்று இலவசமாக வெளியிட்ட எச்2டெஸ்ட்டபிள்யு என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டதும் கதை முடிந்தது: எழுதியதில் 8 கிகாபைட் அளவு மட்டுமே திரும்பி வந்தது. கணினியில் இருந்த படங்களை? “ஸிப் பண்ணி வச்சனான்தானே எண்டு அழிச்சிட்டன்.” கமராவின் மெமரி கார்ட்? “அதையும் அழிச்சிட்டன், ஆனா அதுக்குப் பிறகு அதில ஒண்டும் எடுக்கேல்ல.” அந்தக் கடைசி வாக்கியம்தான் காப்பாற்றியது. அழித்த படம் மேலே வேறொன்று எழுதப்படும் வரை அட்டையில் இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு மென்பொருள் அட்டையிலிருந்து படங்களை எடுத்துத் தந்தது. கோப்புப் பெயர்கள் மட்டும் திரும்பவில்லை. ஏழு ஸிப்பையும் எழுதிய கையோடு டெஸ்ட் செய்து பார்த்திருந்தால் அந்த ஒரு கிழமை அலைச்சல் இருந்திருக்காது.

மின்சாரம் போனால்

நிற்கும் பிழையின் இன்னொரு வகை மின்தடையில் பிறப்பது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தது. பொருளடக்கம் கடைசியில் எழுதப்படுவதால், ஸிப் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே 99 சதவீதம் முடிந்திருந்தாலும் கோப்பு திறக்காது. அதைவிடக் குழப்பமானது, எழுதி முடிந்த சில நொடியில் கரண்ட் போவது. முடிந்துவிட்டது என்று திரை சொன்னாலும் தரவு இன்னும் நினைவகத்தில் காத்திருக்கலாம். கோப்பின் பெயரும் அளவும் தட்டில் பதிந்திருக்கும். உள்ளடக்கம் பூச்சியமாக இருக்கும். பென்டிரைவை ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்குவதும் இதே விளைவைத் தரும். யு.பி.எஸ். ஒன்று இருந்தால் மின்தடைச் சிக்கல் தீரும். ‘எஜெக்ட்’ கொடுத்துச் சற்றுப் பொறுத்துப் பிடுங்கினால் பென்டிரைவ் சிக்கலும் தீரும்.

பிழை நகர்ந்தால்: ரேமும் வன்தட்டும்

பிழை ஒவ்வொரு தடவையும் இடம் மாறினால் முதற்சந்தேகம் ரேம். சாதாரணப் பாவனையில் ரேமின் ஒரு சிறு மூலை கெட்டிருந்தால் மாதக்கணக்கில் தெரியாது. பெரிய கோப்பை விரிக்கும்போது நினைவகத்தின் பெரும்பகுதி வேலை செய்யும். விரித்ததெல்லாம் எண் போட்டுச் சரிபார்க்கப்படும். எனவே ரேம் பழுதுக்கு ஸிப் ஒரு நல்ல சாட்சி.

துறைமுக நகரத்தில் இதற்கு ஊரே ஒரு காரணம். மூன்று பக்கமும் கடல். காற்றில் எப்போதும் உப்பு. வாடை காலத்து ஈரத்திலும் கச்சான் காற்றடிக்கும் மாதங்களின் புழுதியிலும் ஜன்னலோரம் வைத்த கணினியின் உள்ளே பச்சைப் பூப்பு பிடிப்பதைக் காணலாம். ரேம் அட்டையின் பொன் முலாம் பூசிய பற்களில் மங்கலான படலம் ஏறினால் தொடுப்பு விட்டு விட்டு வேலை செய்யும். மின்னிணைப்பைக் கழற்றி, அட்டையை எடுத்து, பென்சில் அழிறப்பரின் மெதுவான பக்கத்தால் பற்களை ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, மறுபடி ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துவதே முதல் வைத்தியம். பிறகு டெஸ்ட்டை மூன்று முறை ஓடவிட வேண்டும். பிழை தொடர்ந்தால் விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையையோ மெம்டெஸ்ட்86 மென்பொருளையோ இரவு முழுக்க ஓடவிட்டு, இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

ரேம் சுத்தம் என்று தெரிந்தால் பென்டிரைவைச் செருகிய துளையைப் பார்க்க வேண்டும். கணினியின் முன்பக்கத் துளைகள் உள்ளே மெல்லிய வயரால் இணைக்கப்பட்டவை. பின்பக்கத் துளை நம்பகமானது. ஒரே கோப்பை இரண்டு துளை வழியாகவும் பிரதி செய்து, செவன்-ஸிப்பில் உள்ள ‘ஷா-256’ என்ற சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டால் துளை கெட்டதா என்று தெரியும்.

வன்தட்டின் பழுது தன் பெயரைத் தானே சொல்லும். விரிக்கும்போது மட்டுமல்லாமல் வெறும் பிரதி செய்யும்போதே ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்று விண்டோஸ் சொன்னால், அது ஸிப்பின் சி.ஆர்.சி. அல்ல, தட்டின் ஒரு பகுதியை வாசிக்க முடியவில்லை என்பதே பொருள். இங்கே வரிசை முக்கியம். முதலில் தேவையான கோப்புகளை வேறு தட்டுக்கு எடுக்க வேண்டும். பிறகுதான் தட்டைச் சரிபார்க்கும் ‘செக்டிஸ்க்’கை ஓடவிட வேண்டும். சாகும் தட்டில் முதலில் செக்டிஸ்க் ஓடவிட்டால் மணிக்கணக்கான வாசிப்பில் தட்டு அங்கேயே முடிந்துபோகலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ‘பென்டிங் செக்டர்’ எண்ணிக்கை ஏறிக்கொண்டு போனால் புதுத் தட்டு வாங்கச் சொல்வதே நேர்மை.

பெயரும் பாதையும்

சில ஸிப்புகள் முழு நலத்துடன் இருந்தும் விரியாது. விண்டோஸின் வழக்கமான எல்லையில், தட்டின் எழுத்திலிருந்து கோப்பின் பெயர் வரை முழுப் பாதையும் 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறை வைத்து அதை டெஸ்க்டாப்பில் விரித்தால் எல்லை தாண்டும். தமிழ்ப் பெயர் இன்னும் வேகமாகத் தாண்டும். ஆறெழுத்து ‘திருகோணமலை’ அங்கே பத்தாகக் கணக்கிடப்படும். 80010135 என்று முடியும் பிழை எண் இதற்கானது. சி தட்டின் வேரில் ஓரெழுத்துப் பெயரில் கோப்புறை செய்து அதற்குள் விரித்தால் தீரும்.

தமிழ், சிங்களக் கோப்புப் பெயர்கள் பெட்டி பெட்டியாகவோ ஐரோப்பியக் குறிகளாகவோ மாறி வருவது வேறு கதை. பழைய ஸிப் முறை பெயர்களை ஐ.பி.எம். கணினியின் 256 குறிகள் கொண்ட பழைய தொகுதியில் எழுதியது. அதில் நம் எழுத்து இல்லை. பெயர் யு.டி.எஃப்-8இல் இருக்கிறது என்று சொல்லும் அடையாளம் பின்னாளில்தான் சேர்ந்தது. ஏழாம் பதிப்பு வரையான விண்டோஸ், தமிழ்ப் பெயருள்ள கோப்பைச் சுருக்க முடியாது என்றே மறுத்தது. புதிய செவன்-ஸிப்பில் செய்து புதிய செவன்-ஸிப்பில் விரிப்பதே எளிய வழி. பழைய கணினிக்கு அனுப்ப வேண்டுமென்றால் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துவிடலாம்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் ஒரு போலிப் பிழை இலங்கையில் அதிகம். ஸிப்பிலிருந்து எடுத்த கடிதம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் ‘ஸிப் கெடுத்துவிட்டது’ என்பார்கள். அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதமாக இருக்கும். பாமினியில் தமிழ் எழுத்து ஆங்கில விசைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் விசைகள்தான் தெரியும். எழுத்துருவை நிறுவினால் கடிதம் அப்படியே வரும். சிங்களத்தில் எஃப்.எம். அபய எழுத்துருவுக்கும் இதே விதி.

இடம், காவல், கடவுச்சொல்

டி தட்டில் இடம் நிறைய இருந்தும் ‘இடம் போதாது’ என்று வந்தால் சி தட்டைப் பார்க்க வேண்டும். ஸிப்புக்குள்ளிருந்து இரட்டைச் சொடுக்கில் திறப்பதும் சில மென்பொருள்களில் இழுத்துப் போடுவதும், முதலில் சி தட்டின் தற்காலிகக் கோப்புறையில் விரித்துவிட்டே மறுவேலை செய்யும். ‘எக்ஸ்ட்ராக்ட்’ கொடுத்து டி தட்டை நேரடியாகக் காட்டினால் போதும்.

விரித்த பின் ஒரு கோப்பு மட்டும் காணாமல் போனால் வைரஸ் காவல் மென்பொருளின் தனிமைப் பட்டியலில் தேட வேண்டும். காவலை நிறுத்திவிட்டு விரிப்பது பெரும்பாலும் தவறான ஆலோசனை; உடைத்த மென்பொருளோடு வரும் ஸிப்பில் காவல் சொல்வதே சரியாக இருக்கும்.

கடவுச்சொல் பிழை என்று வந்தால் முதலில் விசைப்பலகை எந்த மொழியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மும்மொழியிலும் தட்டச்சு நடக்கும் கடைகளில் இது நாள்தோறும் நடப்பது. ஏ.இ.எஸ். முறையில் பூட்டிய ஸிப்பை விண்டோஸின் சொந்த வசதியால் திறக்க முடியாமல், பொருளில்லாத பிழை ஒன்று வரலாம், செவன்-ஸிப் திறக்கும். நல்ல கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அந்தப் பூட்டுக்குச் சாவி எங்கும் இல்லை என்பதைக் காசு வாங்குமுன் சொல்லிவிட வேண்டும்.

‘ஆதரவில்லாத முறை’ என்றால் கோப்பு புதியது, மென்பொருள் பழையது. 2013இல் வந்த ரார்5 வடிவத்தைப் பழைய வின்ரார் திறக்காது. விண்டோஸ் 11, 2023இலிருந்து ராரையும் செவன்-ஸிப்பையும் தானே திறக்கிறது.

தட்டையே சுருக்கியவர்கள்

இடம் மிச்சம் பிடிக்க சி தட்டின் பண்புகளில் ‘தட்டைச் சுருக்கு’ என்ற பெட்டியில் சரி போடுபவர்கள் உண்டு. இது ஸிப் அல்ல, என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறையின் உட்சுருக்கம். சுருங்கிய கோப்புகளில் இரண்டு நீல அம்புகள் தெரியும். தொடக்கக் கோப்பான ‘பூட்மேனேஜர்’ சுருங்கிவிட்டால் அடுத்த நாள் கணினி எழும்பாது. ‘பூட்மேனேஜர் இஸ் கம்ப்ரெஸ்ட்’ என்ற செய்தி கறுப்புத் திரையில் நிற்கும். விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து தொடக்கத் திருத்தத்தை ஓடவிட்டால் புதிய பூட்மேனேஜர் எழுதப்படும். தரவு எதுவும் போகாது. எஸ்.க்யூ.எல். சர்வரில் ஓடும் கணக்கு மென்பொருளின் தரவுத்தளம் சுருங்கிய கோப்புறையில் இருந்தால் அதில் எழுத முடியாமல் மென்பொருள் நின்றுவிடும். அந்தக் கோப்புறையின் சரியை எடுத்தால் மீண்டும் ஓடும்.

மீட்கக்கூடியதும் முடியாததும்

வால் அறுந்த ஸிப்பை செவன்-ஸிப்பில் திறந்தால், அது ஒவ்வொரு கோப்பின் தலையையும் தேடிப் பட்டியலைத் தானே கட்டிக்கொள்ளும். அறுந்த இடத்துக்கு முந்தியவை முழுதாக வரும். வின்ராரின் ‘ரிப்பேர்’ வசதியும் இதைச் செய்து புதிய கோப்பாகத் தரும். விரிக்கும்போது ‘கெட்ட கோப்பையும் வைத்திரு’ என்ற பெட்டியில் சரி போட்டால், சி.ஆர்.சி. பொருந்தாத படத்தின் மேற்பாதியாவது கிடைக்கலாம். அழிந்த பைட்டை எந்த மென்பொருளாலும் கண்டுபிடித்துத் தர முடியாது. ஒரு விதிவிலக்கு, ரார் செய்யும்போதே ‘மீட்புப் பதிவு’ சேர்த்திருப்பது. 3 முதல் 5 சதவீதம் அளவு கூடும். அந்த அளவுக்குட்பட்ட சேதத்தை அது முழுதாகத் திருத்தும். பதிவைப் பழுதுக்கு முன்னால் சேர்த்திருக்க வேண்டும்; பிறகு சேர்க்க முடியாது.

திருத்து மேசைக்கு வரும் ஸிப்புகளில் மூலப்பிரதி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே போகிறார்கள். மற்றவர்களுக்கு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சுருக்கிய கோப்பு காப்புப் பிரதி ஆவது, எழுதிய இடத்திலிருந்தே அதை ஒருமுறை டெஸ்ட் செய்து பிழையில்லை என்ற செய்தியைக் கண்ணால் கண்ட பிறகுதான். மூலப்படங்களை அழிப்பது அதற்கும் பிறகு, வேறொரு தட்டில் இன்னொரு பிரதி இருக்கும்போது.